மாடிக்கும் கீழுக்கும் ஒரே லைன்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது என் கணவர் இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடத்தின் கடைசி. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. கொழுந்தனார் அதை மதுரையிலிருந்து வாடகைக் காரில் ஏற்றிவந்தார். பின்சீட்டில் மானிட்டர் பெட்டியை நடுவில் வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, "புது டி.வி.யா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, கம்ப்யூட்டரு. கம்பெனி வேலைக்கு" என்றாள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி.

நான் மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். அந்த நினைப்பு வந்தது. கால்தான் நகரவில்லை. அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தெரிந்ததோடு நின்றுவிடும்.

கீழ்வீட்டில் கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், பின்னறையில் மாமனார். மாடியில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், இப்போது நான். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பேண்டேஜ் கம்பெனி நடத்திவந்தார்கள். தறிக்காரர்களிடம் துணி நெய்து வாங்கி, வெளுத்து, வெட்டி, சுருட்டி, பெட்டி போட்டு அனுப்புகிற தொழில். தறிக்காரர்களைப் பார்ப்பது அண்ணன். வெளியூர்க் கடிதப் போக்குவரத்து தம்பி. ஜெர்மனியில் ஒரு கம்பெனி வாங்க ஆரம்பித்திருந்தது. இனிமேல் எல்லாம் ஈமெயிலில்தான் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்காக வந்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர்.

என் கணவருக்கு வெறும் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு கண் மஞ்சளானது. மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கொஞ்ச நாளில் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் தோள் அவர்கள் கண்ணீரில் நனைந்தது. என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. யாரோ ஒருத்தி, "அழுதுரு தாயி, உள்ளயே வச்சிருக்கக் கூடாது" என்று முதுகில் தட்டினாள். சரி என்று தலையாட்டினேன். அவள் கேட்டதற்காகவாவது அழலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். கல்யாணமான மறுவருடத்திலிருந்து அந்த வேலை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் வழக்கமான பஸ்ஸில் ஏறிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வந்தா என்னம்மா?"

"வீட்டுல இருந்து என்ன சார் செய்யப் போறேன்?"

அவர் ஒரு கட்டை எடுத்து நீட்டினார். பாகப்பிரிவினை வழக்கு. ஒவ்வொரு பத்தியிலும் 'காலஞ்சென்ற', 'காலஞ்சென்ற' என்று வந்துகொண்டே இருந்தது. அவ்வளவையும் அடித்தேன். ஒரு இடத்தில்கூட எழுத்துப் பிழை இல்லை. வக்கீல் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டு ஃபோன் எண்பதுகளின் நடுவில் வந்தது. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது, என் கணவர் பெயரில். நான் கல்யாணமாகி வந்த புதிதில் தெருவுக்கே அது ஒன்றுதான். யார் யாருக்கோ பட்டாளத்திலிருந்து பிள்ளைகள் பேசுவார்கள். கூப்பிட்டு விடுவது என் வேலையாக இருந்தது. பிற்பாடு வீட்டுக்கு வீடு ஃபோன் வந்தபோது, என் கணவர் கீழேயிருந்து ஒரு வயரை இழுத்து மாடியில் எங்களுக்கும் ஒன்று வைத்தார். பேரலல் என்று சொல்வார்கள். லைன் ஒன்றுதான். மாடியில் பேசினால் கீழே எடுத்துக் கேட்கலாம். கீழே பேசினால் மாடியில் கேட்கலாம். யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, மாடியேறிச் செருப்பைக் கழற்றுவதற்கும் அவர் கம்பெனியிலிருந்து ஃபோன் போடுவதற்கும் சரியாக இருக்கும்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"லோடு ஏத்தணும். வர லேட்டாகும்."

அவ்வளவுதான் பேச்சு. பல நாள் அதுகூட இருக்காது. "வந்துட்டியா" என்பதோடு வைத்துவிடுவார். அதில் ஆசை, பிரியம் என்றெல்லாம் நான் அப்போது எதையும் பார்க்கவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைக்கிற மாதிரி தினமும் நடக்கிற ஒன்று.

அவர் போன பிறகு, அந்த நேரத்துக்கு நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைக்க ஆரம்பித்தேன். டோன் வரும். வைத்துவிடுவேன். செத்த நேரம் கழித்து இன்னொரு தடவை எடுப்பேன். யாரோடும் பேச வேண்டும் என்று இல்லை. அவர் பேசுவார் என்றும் நினைக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அந்த நேரமானால் கை அங்கே போகும், அவ்வளவுதான்.

அதே நேரம்தான் இன்டர்நெட்டுக்கும் அமைந்தது. நமக்குச் சாயங்காலம் என்றால் ஜெர்மனிக்காரனுக்கு மத்தியானம். அவன் ஆபீசில் இருப்பான். கொழுந்தனார் ஹாலில் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து, ஃபோன் வயரை மோடம் என்கிற சின்னப் பெட்டியில் செருகி, மதுரைக்கு எஸ்.டி.டி. போடுவார். அது ஒரு மாதிரி கத்தும். பிறகு அடங்கும். அடங்கிவிட்டால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த லைனில் வேறு யாரும் தலையிடக் கூடாது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

முதல் தடவை ரிசீவரை எடுத்தபோது டோனுக்குப் பதிலாக ஒரே இரைச்சல். ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்தேன். கீழே கொழுந்தனார் "சே!" என்று மேஜையில் அடித்தது மாடிவரை கேட்டது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த மாதம் ஜெர்மனிக்காரர்கள் பெட்டியில் ஒட்டுகிற லேபிளின் படத்தை அனுப்பியிருந்தார்கள். பெரிய படம். அது முழுதாக வந்து சேர அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பாதியில் கட்டானால் மறுபடி முதலிலிருந்து. தினமும் கட்டாகியது. கொழுந்தனார் டெலிஃபோன் ஆபீசுக்குப் புகார் கொடுத்தார். லைன்மேன் வந்து, "மழையில ஜாயிண்டு நனஞ்சிருக்கும் சார்" என்று வெளியே இருந்த முடிச்சைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் கட்டாகியது.

மாடியில் வயர் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கக் கொழுந்தனார் ஏறி வந்தபோது நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மதினி, யார்ட்டயும் பேசணுமா?"

"இல்ல."

"எடுத்து வச்சிருக்கீகளே?"

"சும்மாதான் எடுத்தேன்."

"தெனமும் எடுப்பீகளா?"

"ஆமா. வந்ததும் எடுப்பேன். ஏன்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கீழ நெட்டு ஓடும்போது இங்கன எடுத்தா அது கட்டாயிருது மதினி. அதான் இம்புட்டு நாளா..."

"எனக்குத் தெரியாதே. இனிமே எடுக்கல."

"ஐயோ, எடுக்கக் கூடாதுன்னு சொல்லல. நீங்க எடுங்க. இது அண்ணன்..." என்று ஆரம்பித்தவர் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். என் கணவர் இறந்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் முகம் கோணியது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே போய்விட்டார். நான் ரிசீவரை வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

எடுக்க மாட்டேன் என்று சொல்லியும் கை கேட்கவில்லை. அதனால் ஓரகத்தி ஒரு வழி சொன்னாள். "அக்கா, நெட்டு போடும்போது படிக்கட்டுக் கம்பியில ரெண்டு தட்டு தட்டுதேன். முடிஞ்சதும் ஒரு தட்டு. நடுவுல மட்டும் எடுக்காதீக."

எங்கள் மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி. கீழே கரண்டியால் தட்டினால் மேலே என் அறை வரைக்கும் அதிரும். சில நாள் அது நன்றாகவே நடந்தது. ஆனால் அடுப்பில் பால் பொங்கும், குழந்தைகள் சண்டை போடும், அவள் கடைசித் தட்டை மறந்துவிடுவாள். நான் உட்கார்ந்தே இருப்பேன். சில நாள் இரண்டு தட்டும் காதில் விழுந்த பிறகும் போய் எடுத்துவிடுவேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வரும். அதற்குள் கீழே கட்டாகியிருக்கும்.

ஒருநாள் கொழுந்தனாரும் ஓரகத்தியும் பேசியது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

"பேசாம மாடி ஃபோனக் கழட்டிருங்களேன்."

"அண்ணன் வச்ச ஃபோன நான் எப்படிக் கழட்ட?"

"அப்ப எத்தன நாளைக்கு நான் கரண்டியத் தூக்கிட்டு நிக்க?"

இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

கடைசியில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் படிக்கட்டின் அடியில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். விளக்குக்கு வைக்கிற சாதாரண சுவிட்ச்தான், சின்ன மரப்பெட்டியில். அதை அமர்த்தினால் மாடி ஃபோனுக்கு லைன் போகாது. போட்டால் போகும். கொழுந்தனார் அவரே வந்து சொன்னார். "சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் மதினி. அவசரம்னா ஒரு சத்தம் குடுங்க, உடனே போட்டுவிடுதேன்."

"சரி."

சேத்தூரிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். சுவிட்சைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்து குதித்தாள். "ஏட்டி, ஒன் புருசன் பேர்ல இருக்க ஃபோன ஒனக்கே அமத்தி வைக்காகளா? நீயும் பாத்துக்கிட்டு இருக்க?"

"அவிய தொழிலுக்கு வேணும்லக்கா. அந்த ஆர்டர்லதான் கம்பெனி ஓடுது."

"ஒனக்குக் கோவமே வரலையா?"

வருகிறதா என்று நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எனக்குள் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று அகப்படவில்லை. "வரலக்கா" என்றேன். அக்காவின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கூட ஊருக்கு வந்துரு, நாலு நாள் இருந்துட்டு வா" என்றாள். லீவு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சுவிட்ச் அமர்ந்திருக்கும்போது எடுத்தால் ரிசீவருக்குள் ஒன்றுமே இருக்காது. டோன் இல்லை, இரைச்சல் இல்லை. அப்படியும் எடுத்தேன். வித்தியாசமாகப் படவில்லை.

கொஞ்ச நாள் கீழே நிம்மதியாக இருந்தது. லேபிள் படம் வந்து சேர்ந்தது, பெட்டி அச்சடித்தார்கள், முதல் லோடு தூத்துக்குடிக்குப் போனது. பிறகு ஒரு சாயங்காலம், நான் செத்த ரிசீவரைக் காதில் வைத்திருக்கும்போதே கீழேயிருந்து கொழுந்தனாரின் குரல். "மறுபடியும் கட்டாயிருச்சு!"

அவர் படியேறி ஓடிவந்தார். சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று நினைத்திருப்பார். என் கையில் ரிசீவரைப் பார்த்ததும் அதை வாங்கித் தன் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒண்ணுமே வரலையே மதினி."

"ஆமா. வராது."

"ஒண்ணுமே வராததையா எடுத்துக் கேக்கீக?"

நான் ரிசீவரை வைத்தேன். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க மதினி. நீங்கன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

"பரவால்ல. அப்ப யாரு?"

இரண்டு பேரும் கீழே இறங்கினோம். ஹால் சுவரில் ஃபோன் வயர் வந்து சேருகிற பெட்டியைத் திறந்து பார்த்தோம். கம்ப்யூட்டருக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று. கூடவே மூன்றாவதாக ஒரு வயர். பல தடவை வெள்ளையடித்ததில் சுவரோடு சுவராகிப்போயிருந்தது. கொழுந்தனார் விரலால் அதைத் தடவிக்கொண்டே போனார். கதவு நிலைக்கு மேல் ஏறி, மூலையில் திரும்பி, அது பின்னறைக்குள் போயிற்று.

"மாமா ரூம்பு!" என்றாள் ஓரகத்தி.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கறுப்பு ஃபோன், சுழற்றுகிற டயல் வைத்தது. பட்டன் ஃபோன் வாங்கியபோது இதை அங்கே கொண்டுபோய் வைத்தது எங்கள் யாருக்குமே ஞாபகமில்லை. மணி அடிக்காது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. மாமனார் ரிசீவரை நல்ல காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நல்ல காது என்றால் வலது காது. ஆயுசு முழுக்க ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து இடது காது முழுதாகப் போய், வலதிலும் பாதிதான் மிச்சம். அவரோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்திப் பேசச் சங்கடப்பட்டு வீட்டில் எல்லோரும் பேச்சையே குறைத்துவிட்டிருந்தோம்.

கொழுந்தனார் போய்த் தோளைத் தொட்டார். "அப்பா! என்ன செய்தீக?"

"என்னலே?"

"இத எடுத்தா எனக்கு அங்க கட்டாகுதுப்பா!"

"எது கட்டாகுது?"

"நெட்டு! கம்ப்யூட்டரு!"

மாமனாருக்கு அது எட்டவில்லை. ரிசீவரை மகனிடம் நீட்டினார். "இதுல மில்லு ஃபிரேம் ஓடுத சத்தம் வருதுலே. முன்னயும் ஒருநாள் சாயங்காலம் ஓடுச்சு. இப்ப நின்னுபோச்சு, பாரு."

"அது ஃபிரேம் இல்லப்பா. ரெண்டு கம்ப்யூட்டரு பேசிக்கிடுத சத்தம்."

"மனுசங்க பேசுதது எனக்கு ஒண்ணும் கேக்கல. இது நல்லாக் கேக்குது" என்றார்.

கொழுந்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அனுப்ப வேண்டிய பதில் இன்னும் போகவில்லை. அங்கே ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கொழுந்தனார் எழுந்து போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து கதவு நிலைக்கு மேல் அந்த வயரை நறுக்கினார். "பொறவு ஒரு ஏற்பாடு பண்ணித் தாரேன்பா" என்றார். மாமனார் வயரின் வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கொல்லையில் காய்ந்த சேலையை எடுக்கப் போனேன். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. மாமனார் கறுப்பு ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். வைத்துவிட்டார். செத்த நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்தார். நான் சேலையை மடிக்காமல் அப்படியே அள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தேன். வெளியே நின்று பார்த்தால் நானும் இப்படித்தான் இருந்திருப்பேன். ஆனால் அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

மறுநாள் வக்கீலிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பி இராஜபாளையம் டெலிஃபோன் ஆபீசுக்குப் போனேன். எனக்கென்று ஒரு தனி லைன் வாங்கிவிட்டால், மாமனார் ஃபோனை அதில் சேர்த்துவிடலாம். அந்தச் சத்தம் வராவிட்டாலும் டோனாவது வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கட்டும், யாருக்கும் ஒன்றும் கட்டாகாது. என் கணவர் போன பிறகு நானாக யோசித்துச் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கவுண்ட்டரில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இருந்தார். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அட்ரஸ்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கேம்மா" என்றார். என் கணவர் பெயரை வாசித்தார். "இவுக ஒங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்களேன். அவரு எழுதிக் குடுத்தாச் சுளுவா முடிஞ்சிரும்."

"அவிய இல்ல."

"வெளியூருக்குப் போயிருக்காகளா? எப்ப வருவாக?"

"வரமாட்டாக" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். என் நெற்றியை அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. வெயிலுக்காக முந்தானையைத் தலையில் போட்டு நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தேன். "உக்காருங்கம்மா" என்று எழுந்து அவர் நாற்காலியையே சுற்றிக் கொண்டுவந்து போட்டார். "தண்ணி குடிக்கீகளா?"

வேண்டாம் என்றேன். அப்புறம் வாங்கிக் குடித்தேன். இறந்துபோனார் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன், வழக்குக் கட்டுகளில் அடித்திருந்தேன். அவர் வரமாட்டார் என்று என் வாயால் ஒருவரிடம் சொன்னது அன்றைக்குத்தான். சொன்ன பிறகும் அழுகை வரவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். கவுண்ட்டர்காரர் மற்றதையெல்லாம் அவரே எழுதிக்கொண்டு, கையெழுத்து போட வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார்.

லைன் வர மூன்று நான்கு மாதம் ஆயிற்று. வந்த அன்று கோர்ட்டுக்கு ஏதோ விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன். புது ஃபோனைப் பொருத்திவிட்டு லைன்மேன், "எங்கயாவது போட்டுப் பாருங்கம்மா" என்றார். எங்கே போடுவது என்று தெரியவில்லை. அக்கா வீட்டில் ஃபோன் இல்லை. வக்கீல் ஆபீஸ் பூட்டியிருக்கும். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதைப் போட்டேன். கீழே மணி அடிப்பது ஃபோனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது.

"அலோ, யாரு?" ஓரகத்தியின் குரல்.

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"மாடியிலருந்து."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஏக்கா, இங்கன இருந்துக்கிட்டு ஃபோன் போடுதீக! நான் யாரோ எவரோன்னு ஈரக் கையோட ஓடியாறேன்."

"போட்டுப் பாக்கச் சொன்னாக. வேற நம்பர் தெரியல."

"நல்லாக் கேக்குதுக்கா. பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கு."

லைன்மேன் கறுப்பு ஃபோனையும் என் லைனில் சேர்த்துவிட்டுப் போனார். மாமனார் எடுத்துக் கேட்டுவிட்டு, "இது ஒரே மாதிரி கூவுது. ஃபிரேம் இல்ல" என்றார். ஆனாலும் எடுத்து எடுத்துக் கேட்டார். நான் எடுக்கும்போது சில நாள் அவர் மூச்சு விடுவது கேட்கும். வைக்காமல் கொஞ்ச நேரம் இருப்பேன். அவருக்கு என் மூச்சு கேட்டிருக்காது.

பிறகு மோடத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருப்பதைக் கொழுந்தனார் கண்டுபிடித்தார். மதுரைக்கு லைன் போட்டுச் சேருகிற வரைக்கும்தான் அது கத்தும், ஒரு நிமிடம்கூட இருக்காது. அவ்வளவு நேரத்துக்கும் திருகை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, "அப்பா, வாங்க!" என்று கையைக் காட்டுவார். மாமனார் பின்னறையிலிருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சத்தம் அடங்கியதும், "சேந்துருச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். அவரிடம் யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை.

புது நம்பர் யாருக்கும் தெரியாததால் என் ஃபோன் பெரும்பாலும் அடிக்கவில்லை. அடித்தால் கீழேயிருந்து ஓரகத்தியாகத்தான் இருக்கும். மூட்டு வலிக்குது, படியேற முடியல என்று அதற்கு ஒரு காரணம் சொல்வாள். முப்பது வயதில் என்ன மூட்டு வலி? ஃபோனில் அவள் வேறு ஆளாக இருந்தாள். நேரில் பார்த்தால் "சாப்டீகளாக்கா" என்பதோடு நகர்ந்துவிடுகிறவள், ஃபோனில் கத்தரிக்காய் முற்றல் என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போவாள். நான் 'ம்' கொட்டுவேன். முகம் தெரியாததில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. என் முகம் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அக்கா, பெரியத்தான் போன பொறவு நீங்க அழவே இல்லன்னு எல்லாரும் பேசுனாக."

"ம்."

"நானும் பேசுனேன்."

"கேட்டுச்சு" என்றேன். "படிக்கட்டு வழியா எல்லாம் கேக்கும்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. நான் வைத்துவிடுவேனோ என்று பயந்த மாதிரி அவசரமாக, "எனக்கு ஒங்ககிட்ட என்ன கேக்கன்னே தெரியலக்கா. அதான் ஒண்ணுமே கேக்காம இருந்துட்டேன்" என்றாள்.

"எனக்கும் என்ன சொல்லன்னு தெரியலயே" என்றேன். "இன்னமும் தெரியல."

"கீழ வாங்க. தோச ஊத்துதேன்."

"எனக்குப் பசிக்கல."

"பசிக்காட்டி என்ன, வந்து உக்காருங்க."

இறங்கிப் போனேன். கொழுந்தனார் கம்ப்யூட்டரில் இருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார். குழந்தைகள் டி.வி. பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தியின் கண் சிவந்திருந்தது. தட்டை வைத்துத் தோசை போட்டு, தேங்காய்ச் சட்னி ஊற்றினாள். ஒரு வாய் பிட்டு வைத்தேன். இன்னொரு வாய் வைத்தேன்.

"சட்னியில உப்பு கொறச்சல்" என்றேன்.

அவள் கல்லில் தோசையை விட்டுவிட்டு எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துவந்தாள்.